மழை விட்டாச்சு, ஆறு ஏன் ஏறுது? தூண்டிலோடு கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர், ஜனவரியில் திருவள்ளூர் மாவட்ட ஆறுகளில் தூண்டில்காரர்கள் கூடிவிடுவார்கள். வெள்ளம் வடிய வடிய கெண்டையும் ஜிலேபியும் விராலும் மடுக்களில் ஒதுங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றுப்பக்கம் போகிறவர்கள் 'வானம் வெளுத்திருக்கு, பயமில்லை' என்று இறங்கிவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கொசஸ்தலையாற்றில் 1944-ல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பியிருக்கும்போது நீர்வரத்து கூடினால் மதகைத் திறந்துதான் ஆக வேண்டும். அந்தத் தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடலில் சேரும். ஆரணியாற்றுக்கு மேலே ஆந்திராவின் பிச்சாட்டூர் அணை இருக்கிறது. அங்கே உபரிநீர் விட்டால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி பக்கம் ஆறு ஏறும்.

ஆக, மழை பெய்வது எங்கோ மலைப்பக்கம். வெள்ளம் வருவது நம்ம ஊருக்கு. விநாடிக்கு 1,000 கன அடி என்றால் சுமார் 28,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டுக்கும் மேல், ஒவ்வொரு விநாடியும்!

கரையிலேயே கணிப்பது எப்படி?

• தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். கால் மணி நேரத்தில் விளிம்பு குச்சியைத் தாண்டினால் கிளம்பிவிடுங்கள்.

• தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, நுரை, செத்தை, ஆகாயத்தாமரை மிதந்து வந்தாலோ, மேலே தண்ணீர் திறந்திருக்கலாம்.

• ஒரு சுள்ளியை மிதக்கவிடுங்கள். 10 மீட்டரை 10 விநாடிக்குள் கடந்தால், முழங்கால் அளவு தண்ணீரும் ஆளைத் தள்ளிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

• மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தாலும் இறங்காமல் கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள்.

தரைப்பாலத்தில் பைக்கை விடும் முன்பும் இதே கணக்குதான். கிளம்பும் முன், பூண்டி, பிச்சாட்டூரில் தண்ணீர் திறப்பு பற்றிய செய்தியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐக் கேளுங்கள். மீன் அடுத்த வாரமும் கிடைக்கும்.