கடுகிலும் சிறிய கடல் வெப்பமானி

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் பிரமிடுகளைச் சுற்றிப் பார்த்த கிரேக்க அறிஞர் ஸ்டிராபோ, அங்கே ஒரு விந்தையைக் கண்டார். கல் கொத்திய இடத்தில் குவிந்து கிடந்த சில்லுகளுக்கிடையே, பருப்பின் வடிவில் சிறு சிறு கற்கள்! பிரமிடு கட்டிய வேலையாட்கள் சாப்பிட்டு மிஞ்சிய உணவுதான் இப்படிக் கல்லாய்ச் சமைந்துவிட்டது என்று அங்குள்ளவர்கள் சொன்னார்களாம். அந்தக் கதையை அவர் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

உண்மையில் அது பருப்பல்ல. பழங்கடல் ஒன்றின் தரையில் வாழ்ந்து மடிந்த பிராணிகளின் ஓடு. போராமினிபெரா என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை அவை.

இந்தப் பிராணிக்கு உடலெல்லாம் ஒரே ஒரு செல்தான். பிரமிடுக் கல்லில் காண்பவை இந்த இனத்தின் பூதங்கள். மற்றவை பெரும்பாலும் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு. கடுகு கூட அவற்றுக்கு முன் பெரிது. இவற்றில் பல, கடல் நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துச் சுண்ணாம்பு ஓட்டை அறை அறையாகக் கட்டிக் கொள்கின்றன. பிராணி இறந்ததும் ஓடு சேற்றில் புதைகிறது. அதன் மேல் அடுத்த தலைமுறையின் ஓடு விழுகிறது. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளின் ஓடுகள் கடலடியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

கலப்படமே புதையல்

பாலில் தண்ணீர் கலந்தால் குற்றம். இந்த ஓட்டில் உள்ள கலப்படமோ விஞ்ஞானிகளுக்குப் புதையல். ஓடு கட்டும்போது கால்சியத்தோடு மக்னீசியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், காட்மியம் முதலிய உலோகங்களும் துளித்துளியாகச் சேர்ந்துவிடுகின்றன. எது எவ்வளவு சேருகிறது என்பது, பிராணி வாழ்ந்த நாளில் கடல் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

காட்மியத்தை எடுத்துக் கொள்வோம். கடலில் பாஸ்பேட் சத்து எங்கே அதிகமோ, அங்கே காட்மியமும் அதிகம். அமெரிக்க விஞ்ஞானிகள் எட்வர்ட் பாயிலும் லாயிட் கெய்க்வினும் 1982ல் இதைக் கொண்டு வட அட்லாண்டிக்கின் ஆழ்நீரோட்டங்கள் பனியுகத்தில் எப்படி மாறின என்று ஆராய்ந்தனர்.

மக்னீசியம் சொல்வது வேறு சேதி. நீர் சூடாக இருந்தால் ஓட்டில் மக்னீசியம் கூடும், குளிர்ந்தால் குறையும். ஆழ்கடலில் இன்று வெப்பம் 2 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே இருக்கிறது. அங்கு வாழும் பிராணியின் ஓட்டில் 1000 கால்சியம் அணுக்களுக்குச் சுமார் ஒரு மக்னீசியம் அணு இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் இந்த அளவு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஆகவே அணுக்களை எண்ணத் தெரிந்தவர், மனிதன் தோன்றுவதற்கு முந்தைய கடலின் சூட்டையும் அளந்துவிடலாம்.

ஒரே பேரேட்டில் இரு கணக்கு

இதற்கு முன்பும் ஒரு வழி இருந்தது. ஓட்டில் உள்ள பிராணவாயுவில் கனமான அணுக்களும் உண்டு, லேசானவையும் உண்டு. 1955ல் சிசாரே எமிலியானி இவற்றின் விகிதத்தைக் கொண்டு பழங்காலக் கடலின் வெப்பத்தைக் கணக்கிட்டார். கடல் குளிர்ந்தால் ஓட்டில் கனமான பிராணவாயு மிகும் என்பது அடிப்படை.

ஆனால் நிலத்தில் பனி குவிந்தாலும் அதே விளைவுதான். லேசான அணுக்கள் கொண்ட நீர் எளிதில் ஆவியாகிப் பனியாகப் பெய்து நிலத்திலேயே உறைந்து போகிறது. கடலில் கனமானவை மிஞ்சுகின்றன. பனியுகங்களைப் பொறுத்தவரை இந்த மாறுதலில் பெரும்பங்கு பனியினால் வந்ததே என்று 1967ல் கேம்பிரிட்ஜின் நிகோலஸ் ஷாக்கில்டன் வாதாடினார். குளிர் எவ்வளவு, பனி எவ்வளவு? இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் கலந்து கிடந்தன. பிரித்துக் காட்ட வந்ததுதான் மக்னீசியம்.

குளிப்பாட்டிய பின் சோதனை

வேலை லேசானதல்ல. கடலடியில் குழாய் இறக்கிச் சேற்றைத் தூண் தூணாக எடுக்கிறார்கள். சலித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஈரத் தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். இனம் மாறக்கூடாது, இனத்துக்கு இனம் மக்னீசியத்தின் அளவு வேறு. பிறகு கண்ணாடித் தகடுகளுக்கிடையில் ஓடுகளை மெல்ல உடைத்து, அதிர்வு கொடுத்து, தண்ணீரிலும் மெத்தனாலிலும் திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். களிமண் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் அதிலுள்ள மக்னீசியம் கணக்கைக் கெடுத்துவிடும். பிராணியின் உடல் மிச்சத்தை ஹைட்ரஜன் பெராக்சைடில் போக்கி, கடைசியில் அமிலத்தில் கரைத்துக் கருவியில் அளக்கிறார்கள்.

வெப்பமானி பொய் சொன்னதா?

2000ல் கரோலின் லியர், ஹென்றி எல்டர்பீல்டு, பால் வில்சன் மூவரும் கடலடி ஓடுகளின் மக்னீசியத்தைக் கொண்டு 5 கோடி ஆண்டு வரலாற்றை வெளியிட்டனர். அந்தக் காலத்தில் ஆழ்கடல் சுமார் 12 டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

கூடவே ஒரு புதிரும் வந்தது. 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பெரும் பனிப்பாளம் உருவானது. அந்த நேரத்தில் கடல் குளிர்ந்ததாக மக்னீசியம் காட்டவே இல்லை! குளிராமலே பனி குவியுமா? அப்படியானால் பிராணவாயுவில் கண்ட மாறுதல் முழுவதும் பனியாலேயே வந்திருக்க வேண்டும். அவ்வளவு பனியை அண்டார்டிகா மட்டும் தாங்காதே!

விடை சுண்ணாம்பிலேயே இருந்தது. கடலில் ஓர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடும். பனிப்பாளம் உருவான அதே சமயத்தில், பசிபிக்கில் இந்த எல்லை ஒரு கிலோ மீட்டருக்கும் மேலாகக் கீழே இறங்கியது. அதாவது ஆழ்நீரின் ரசாயனமே மாறிவிட்டது. இந்த மாறுதலும் ஓட்டில் சேரும் மக்னீசியத்தைக் கூட்டும். குளிரால் குறைந்ததை ரசாயனம் ஈடுகட்டி மறைத்துவிட்டது.

இதைச் சரிபார்க்க, அந்த எல்லைக்கு வெகுமேலே, ஆழம் குறைந்த கடலில் படிந்த ஓடுகள் தேவைப்பட்டன. டான்சானியாவின் களிமண்ணில் அவை கெடாமல் கிடைத்தன. கடல் சுமார் 2.5 டிகிரி குளிர்ந்தது உண்மையே என்று லியர் குழுவினர் 2008ல் அறிவித்தனர். வெப்பமானி பழுதல்ல, அதைப் படிக்கும் முறைதான் திருந்த வேண்டியிருந்தது.

நம் கடலிலும் இந்த முறை பயன்பட்டிருக்கிறது. 1966ல் தொடங்கப்பட்டு, இன்று கோவாவில் உள்ள தேசிய கடலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், வெளிநாட்டு நிபுணர்களுடன் சேர்ந்து, நீரில் மிதந்து வாழும் போராமினிபெராவை ஆராய்ந்தனர். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் பூமத்திய ரேகையை ஒட்டிய இந்துமாக்கடலின் மேற்பரப்பு இன்றைவிடச் சுமார் 2 டிகிரி குளிர்ந்திருந்ததென்று 2005ல் தெரிவித்தனர்.

இத்தனை பாடும் எதற்காக? அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகெங்கும் கடல் மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். அது ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல. ஆனால் அதில் சிறு பங்கு உருகினாலும் மும்பையும் சென்னையும் தாங்குமா? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எவ்வளவு வெப்பத்துக்கு எவ்வளவு பனி கரையும் என்று கம்ப்யூட்டர்கள் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு சரிதானா என்று ஒத்துப் பார்க்கப் பழைய கணக்கு ஒன்று வேண்டும். அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் எழுதி, கடலடிச் சேற்றில் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன இந்த ஒற்றைச் செல் பிராணிகள்.