அடங்காத உந்துதலும் மூளையின் வேதியியலும்

பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றைப் போலவே பாலுணர்வும் இயற்கையானது. ஆனால் சிலருக்கு அது கட்டுக்கடங்காத உந்துதலாக மாறி, வேலையையும் குடும்பத்தையும் குலைத்துவிடுகிறது. இதனை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அறிவியல் கூறுவது என்ன?

பலரும் முதலில் ஹார்மோன்களையே குறை கூறுவர். விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் பாலுணர்வுக்கு இன்றியமையாதது. அது மிகவும் குறைந்தால் நாட்டமும் குன்றும். ஆயினும் இயல்பான அளவு உள்ளவரிடம் அது சற்றே கூடுவதால் நாட்டம் அதே விகிதத்தில் பெருகிவிடுவதில்லை. அடுப்பு எரிய விறகு வேண்டும். ஆனால் தீயை அடக்கி ஆள்வது விறகன்று. அந்த வேலை மூளையினுடையது.

1954ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் மூளையின் ஒரு பகுதி தூண்டப்படும். எலிகளோ அதைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தன! இத்தகைய நாட்டத்தில் டோபமைன் என்னும் வேதிப்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பின்னர் தெரிய வந்தது. டோபமைன் இன்பமே அன்று. 'இதை மீண்டும் நாடு' என்று உந்தும் செய்தி எனலாம்.

இதற்குச் சிறந்த சான்று நடுக்குவாத நோயாளிகளிடம் கிடைத்தது. பார்க்கின்சன் நோய் எனப்படும் இதில், நடுமூளையில் டோபமைனை உண்டாக்கும் நரம்புச் செல்கள் அழிகின்றன. அக்குறையை ஈடுசெய்ய, டோபமைனைப் போலவே செயற்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. கை நடுக்கம் தணிகிறது. ஆனால் சிலரிடம், முன்பு இல்லாத சூதாட்ட வெறியோ பாலியல் வேட்கையோ தலைதூக்குகிறது.

2010இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகள் ஆராயப்பட்டனர். சூதாட்டம், அளவற்ற பொருள் வாங்கல், பெருந்தீனி, பாலியல் கட்டுமீறல் ஆகியவற்றுள் ஒன்றேனும், இவ்வகை மருந்து உண்டோரில் 17.1 விழுக்காட்டினரிடமும், உண்ணாதோரில் 6.9 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. பாலியல் கட்டுமீறல் மட்டும் மொத்தத்தில் 3.5 விழுக்காட்டினரிடம் இருந்தது.

காரணம் யாது? நோய் முதலில் தாக்குவது உடலசைவை ஆளும் நரம்புப் பாதையை. நாட்டத்தை ஆளும் பாதை அவ்வளவாகக் கெடுவதில்லை. எனவே முன்னதற்குப் போதுமான மருந்து, பின்னதற்கு மிகையாகிவிடுகிறது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலோரிடம் இவ்வேட்கை தணிகிறது. ஆனால் நோயாளி தாமாகவே திடீரென மருந்தை நிறுத்துதல் கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மருந்து ஏதும் உண்ணாதோரிடமும் இச்சிக்கல் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதனை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுமீறல் நீடித்து, வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அது நோய். நாட்டம் மிகுதியாக இருப்பதோ, அதைப் பற்றிய குற்ற உணர்வோ மட்டும் நோயாகாது. உளவழிச் சிகிச்சை இதற்குப் பயன் தருகிறது.

உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இம்மருந்துகளை உண்டபின் இயல்பு மாறினால், அவரைப் பழிக்காதீர்கள். வெட்கத்தால் அவர் மறைப்பதை நீங்கள் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை மாற்றினாலே தீரக்கூடிய துன்பத்திற்கு ஒரு குடும்பம் சிதைய வேண்டியதில்லை அல்லவா?