டேங்கர் லாரி கிளீனருக்கு விபத்து இழப்பீடு உண்டா? ‘என்ன வேலை’ என்ற ஒரு வரிதான் விஷயமே!

தரங்கம்பாடி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எரிபொருள் டேங்கர் ஒன்று உங்களைக் கடந்தால், அதில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையைக் கவனிங்க. 1203 என்றால் உள்ளே பெட்ரோல். 1202 என்றால் டீசல். லாரிக்குள் என்ன இருக்கு என்பதை நாலு இலக்கம் சொல்லிவிடும். ஆனால், டேங்க் மேலே ஏறி மூடியைத் திறக்கும் கிளீனர் யாருடைய ஊழியர், அவருக்கு ஏதாவது ஆனால் யார் பணம் தரணும்? இதைச் சொல்ல பல நேரங்களில் ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது.

கிளீனரும் சட்டப்படி ஊழியரா?

ஆமாம். 1923-ல் வந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், வாகன டிரைவர், ஹெல்பர், மெக்கானிக், கிளீனர் என்று பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 அமலில் இருக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தரணும் என்ற அடிப்படை மாறவில்லை. ‘நிரந்தர வேலை இல்லையே’ என்று ஓனர் சொல்வது மட்டும் பதிலாகாது.

விபத்து என்றால் மோதல், தீ மட்டும்தானா? இல்லை. ஓட்டும்போது உடம்பு சரியில்லாமல் லாரியை ஓரம் நிறுத்திய பிறகு இறந்துபோன ஒரு டிரைவரின் வழக்கில், வேலைப் பளுவைக் கணக்கில் எடுத்து இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆண்டு 2012.

எவ்வளவு கிடைக்கும்?

உயிரிழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கான காரணியால் பெருக்கணும். 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி, சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம்.

30 வயது கிளீனர், சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். வயதுக் காரணி 207.98. அப்போது 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். முழு நிரந்தர ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். அதாவது 18,71,820 ரூபாய்.

சம்பளச் சான்றே இல்லாமல், ஓனர் ‘8,000தான் கொடுத்தேன்’ என்றால்? அதே உயிரிழப்புத் தொகை 8,31,920 ஆகிவிடும். கிட்டத்தட்ட பாதி!

சிக்கல் எங்கே வருது?

ஊழியர் இழப்பீட்டு பாலிசியில், வேலையின் ஆபத்தைப் பொறுத்து பிரீமியம் மாறும். ஆபீஸ் கிளார்க்குக்கு ஒரு ரேட், டேங்கரில் லோடு ஏற்றி இறக்குபவருக்கு வேறு ரேட். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க கிளீனரை ‘ஆபீஸ் உதவியாளர்’ என்று எழுதினால், கிளெய்ம் வரும்போது இன்சூரன்ஸ் நிறுவனம் அதையே கேள்வியாக்கும். பாலிசி கைகொடுக்காவிட்டாலும் ஓனரின் பொறுப்பு போகாது. தாமதத்துக்கான அபராதத்தை ஓனர்தான் கட்டணும், இன்சூரன்ஸ் நிறுவனம் அல்ல என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இஎஸ்ஐ இருந்தால்?

பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐயில் வருவார்கள். அவர்களுக்குப் பலன் அங்கிருந்துதான். முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ரெண்டு மூணு லாரி மட்டும் வைத்திருக்கும் சின்ன ஓனர்களிடம் வேலை செய்பவர்களுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு முக்கியம்.

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் ரெண்டில் ஒன்றுதான்.

இப்பவே என்ன செய்யலாம்?

* சம்பளத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்க. முடியாவிட்டால் கையெழுத்திட்ட சீட்டாவது வேணும்.
* வேலைப் பெயர் ‘டேங்கர் கிளீனர்’ என்றே பதிவாகியிருக்கா பாருங்க.
* லாரி பாலிசியில் டிரைவர், கிளீனருக்கான பொறுப்புக்குத் தனி பிரீமியம் கட்டியிருக்காங்களா என்று கேளுங்க.
* அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டு வைங்க.

விபத்து குஜராத்தில் நடந்தாலும், தரங்கம்பாடியில் இருக்கும் குடும்பம் தன் பகுதிக்கான தொழிலாளர் துறை அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் போட்டோதான்.