தடாகத்து நீருக்கு எந்த அமிலம்?

வீட்டு வளவுக்குள் நீச்சல் தடாகம் அமைப்பது ஒரு காலத்தில் கொழும்பின் வசதி படைத்த சில குடும்பங்களுக்கு மட்டுமே உரிய காரியமாக இருந்தது. இன்று வெளிநாட்டு உறவினர்களின் வருகையை எண்ணி யாழ்ப்பாணத்தில் கட்டப்படும் வீடுகளிலும், அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி போன்ற கரையோரங்களின் சிறிய விருந்தினர் விடுதிகளிலும் அதனைக் காண முடிகின்றது. இவ்வாறு தடாகம் கட்டுவோர் தரையோடு முதல் மின்விளக்கு வரை பார்த்துப் பார்த்து வாங்குகின்றனர். ஆனால் நீரைச் சீராக வைத்திருப்பதற்கான அமிலத்தை மாத்திரம், எது மலிவோ அதை வாங்கி வருமாறு பணத்தைக் கொடுத்து வேலையாளை ஹாட்வெயார் கடைக்கு அனுப்பிவிடுகின்றனர். வாங்குபவரும் அவரே, ஊற்றுபவரும் அவரே, அதன் புகையைச் சுவாசிப்பவரும் அவரே. எமது வாசகர்களில் தடாகத்தின் உரிமையாளர்கள் சிலராகவே இருப்பர். அங்கு வேலை செய்யும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் அதனிலும் பல என்பதாலேயே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

தூய்மைப்படுத்துவதற்குக் குளோரின் இருக்கையில் அமிலம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையோரக் கிணறுகளுக்கு இட்ட வெளிற்றுந்தூளை எம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடாகத்தில் கிருமிகளைக் கொல்வதும் அதே குளோரின்தான். ஆயினும் நீரின் பீ.எச். பெறுமானத்தைப் பொறுத்தே அதன் வலு அமைகின்றது. பெறுமானம் 7.5 ஆக உள்ளபோது குளோரினில் ஏறத்தாழப் பாதி, கிருமிகளைக் கொல்லும் வலுவான வடிவில் இருக்கும். 8 ஐ எட்டும்போது அது கால்பங்காகவும், 8.5 இல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். அப்போது குளோரினை எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் பணம் கரையுமேயன்றி நீர் தெளியாது. வெளிற்றுந்தூளும் திரவக் குளோரினும் தாமே காரத்தன்மை கொண்டவை என்பதால், அவற்றை இட இட பீ.எச். மேலும் உயர்கின்றது. அதனை 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் இறக்கி வைப்பதே அமிலத்தின் வேலை. குளோரின் வில்லைகளின் நிலை வேறு. தடாகங்களுக்கென விற்கப்படும் மெதுவாகக் கரையும் வில்லைகள் அமிலத்தன்மை உடையவையாதலால், அவற்றைப் பயன்படுத்துவோருக்கு அமிலம் குறைவாகவே தேவைப்படும்.

குடாநாட்டுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து வரும் கிணற்று நீரில் காரத்தன்மையும் வன்மையும் அதிகம். இறைத்துத் தடாகத்தை நிரப்பியதும் நீரில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேற, பீ.எச். தானாகவே ஏறுகின்றது. தரையோட்டின் மீது வெண்ணிறப் படிவு தோன்றுவதும் இதனால்தான். அமிலம் காரத்தன்மையைக் குறைக்குமே தவிர வன்மையைக் குறைக்காது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது அமிலமன்று, நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி.

எவ்வளவு வாங்குவது என்பதையும் கணித்துக்கொள்ளலாம். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரியாக 1.5 மீற்றர் ஆழம் கொண்ட தடாகத்தில் 48,000 லீற்றர் நீர் இருக்கும். அதன் காரத்தன்மையை லீற்றருக்கு 10 மில்லிகிராம் குறைப்பதற்கு 33 சதவீத ஐதரோகுளோரிக்கமிலம் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே போதுமானது. காரத்தன்மை லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவாகும். பெரிய கலன் மலிவென்று எண்ணி மாதக்கணக்குக்கு வாங்கி அடுக்குவதில் பொருளில்லை.

இத்தேவைக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஐதரோகுளோரிக்கமிலமே. இங்கு விலையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது திண்ணம். 33 சதவீத அமிலம் ஒரு லீற்றர் செய்யும் வேலையைச் செய்ய 16 சதவீத அமிலம் இரண்டு லீற்றருக்கும் மேல் வேண்டும். சதவீதம் குறிப்பிடப்படாத கலனின் விலை மலிவா அல்லவா என்பதைச் சொல்ல எவராலும் முடியாது. மலசலகூடம் கழுவுவதற்கென விற்கப்படும் திரவங்களில் நிறமும் மணமும் நுரையூட்டியும் கலந்திருக்கக்கூடும், அவை தடாகத்துக்கு உகந்தவையல்ல. கடும் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்புக் கலப்பின் அடையாளம். அத்தகைய அமிலத்தை ஊற்றினால் வெண்ணிற ஓட்டில் கறள் நிறக் கறை படியும். இரண்டாவது வகை, உலர் அமிலம் என விற்கப்படும் சோடியம் ஐதரசன் சல்பேற்றுத் தூள். விலை கூடியதாயினும் அதிலிருந்து புகை எழாது, கொண்டு செல்வதும் எளிது. 33 சதவீத அமிலம் ஒரு லீற்றருக்கு ஈடாக இத்தூளில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோகிராம் வேண்டும். நீண்ட காலம் பயன்படுத்தினால் நீரில் சேரும் சல்பேற்று சீமெந்தை அரிக்கும் என்பது அதன் குறை. எனினும் பழக்கமற்ற ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைப்பதானால் தூளே மேல் என்பது எமது கருத்து. பழைய பற்றறியிலிருந்து வடித்த சல்பூரிக்கமிலத்தையோ எக்காரணம் கொண்டும் நாடலாகாது. அதில் ஈயம் கலந்திருக்கும், குளிப்பவர்களில் சிறுவர்களும் அடங்குவர்.

அமிலம் அதற்கென வார்க்கப்பட்ட தடித்த பிளாஸ்ரிக் கலனில், முத்திரை உடையாத மூடியுடன் இருக்க வேண்டும். மென்பானப் போத்தலில் ஊற்றித் தரும் கடைக்காரரிடம் அதை வாங்காது திரும்புவதே முறை. தாகத்துடன் வரும் குழந்தைக்குப் போத்தலின் வடிவமே தெரியும், உள்ளிருக்கும் பொருள் தெரியாது. கலனில் பெயரும் செறிவும் எச்சரிக்கையும் தமிழிலும் உள்ளனவா எனவும் பார்த்தல் வேண்டும். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியான ஒரு நாட்டில், எரிக்கும் பொருளின் எச்சரிக்கையை அதைக் கையாளும் தொழிலாளி தன் மொழியில் வாசிக்க விரும்புவது மிகையான கோரிக்கையன்று. தமிழ் இல்லையேல் உரிமையாளரே தமிழில் எழுதி ஒட்டிவிடலாம்.

இவை அனைத்தையும்விட ஆபத்தானது அமிலமும் குளோரினும் ஒரே அறையில், ஒரே வாளியில், ஒரே அகப்பையில் சந்திப்பதாகும். இரண்டும் கலந்த மாத்திரத்தில் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22 ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படையினர் திறந்துவிட்டது இவ்வாயுவைத்தான். காற்றிலும் கனமான அது தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். எனவே நிலக்கீழ்ப் பம்பி அறையில் இரண்டையும் ஒன்றாக வைப்பது பெரும் விபரீதம். குளோரின் உலர்ந்த அறையொன்றில் இருக்கட்டும். அமிலத்தை வேறிடத்தில், காற்றோட்டமான நிழலில், பூட்டி வைக்கலாம். அமிலத்தின் ஆவி உலோகத்தைக் கறள் பிடிக்கச் செய்வதால் பம்பிக்கு அருகிலும் வைத்தல் ஆகாது.

ஊற்றும்போது கண்ணாடிக் கவசம், இறப்பர் கையுறை, மூடிய காலணி மூன்றும் வேண்டும். அவற்றை வாங்கிக் கொடுப்பது உரிமையாளரின் கடமை. வாளியில் முதலில் நீரை நிரப்பி, அதற்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்துக்குள் நீரை விட்டால் அது கொதித்துத் தெறிக்கும். எவரும் குளிக்காத மாலை வேளையில், பம்பி ஓடிக்கொண்டிருக்கையில், காற்று முதுகுப் புறமிருந்து வீசுமாறு நின்று ஊற்றி, சில மணி நேரம் கழித்து மீண்டும் நீரைச் சோதிக்க வேண்டும். ஒரே தடவையில் முழு அளவையும் கொட்டாது, பாதியை அன்றும் எஞ்சியதை மறுநாளும் இடுவதே நல்லது.

தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனடியாக, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது, ஏறிவரும் அமிலம் தொண்டையை மறுமுறையும் எரிக்கும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் ஆலோசனை வழங்குகின்றது. நோயாளியுடன் கலனின் விபரச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்பதையே.