உச்சவரம்புக்கு உட்பட்ட விலையும் உட்படாத செலவும்

இந்தியாவில் மருந்து விலையை அரசு கட்டுப்படுத்துவது, இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 1955 தரும் அதிகாரத்தின் கீழ் அவ்வப்போது பிறப்பிக்கப்படும் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைகளின் வழியாகும். 1979ஆம் ஆண்டின் ஆணை 347 மருந்துகளைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்தது. 1987இல் அது 142 ஆகவும், 1995இல் எழுபத்தைந்தை ஒட்டிய எண்ணிக்கையாகவும் சுருங்கியது. அந்நாளைய ஆணைகள் உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்டவை. அதாவது, மருந்தைத் தயாரிக்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் விற்பனை, விளம்பரம், இலாபம் ஆகியவற்றுக்காக ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வரை சேர்த்துக்கொள்ள அனுமதித்தவை.

2013ஆம் ஆண்டின் ஆணை இந்த அடிப்படையையே மாற்றியது. தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும், சந்தையில் ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ள நிறுவனங்கள் சில்லறை வணிகருக்கு விற்கும் விலைகளின் எளிய சராசரியை எடுத்து, அதனுடன் 16 விழுக்காடு வணிகர் பங்கைச் சேர்த்து, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலையை அறிவிக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரே மாத்திரையை மூன்று நிறுவனங்கள் முறையே 2, 4, 12 ரூபாய்க்கு வணிகருக்கு விற்பதாகக் கொண்டால், சராசரி 6 ரூபாய், உச்சவரம்பு 6 ரூபாய் 96 காசு. இதனால் 12 ரூபாய் நிறுவனம் இறங்கி வர வேண்டியிருப்பது உண்மையே. ஆனால் 2 ரூபாய்க்குத் தரமுடியும் என்று சந்தையே காட்டிவிட்ட ஒரு பொருளுக்கு, அதைப்போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட விலையைச் சட்டம் நியாயமாக ஏற்கிறது. விலை மிகுந்த வணிகப்பெயர்களே சராசரியை உயர்த்துகின்றன என்பதால், கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களே கட்டுப்பாட்டின் அளவைத் தீர்மானிக்கும் நிலை உருவாகிறது. இந்த முறையின் அடிப்படைக் குறை இதுவே.

உச்சவரம்பு ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டெண்ணுக்கு ஏற்பத் திருத்தப்படுகிறது. அக்குறியீட்டெண் எரிபொருள் முதல் உலோகம் வரை எல்லாப் பண்டங்களையும் தழுவியதாகையால், 2022இல் ஏறத்தாழ 10.8 விழுக்காடும் 2023இல் ஏறத்தாழ 12.1 விழுக்காடும் உயர்த்திக்கொள்ள வழி பிறந்தது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கோ உச்சவரம்பே இல்லை. ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்ற தடை மட்டுமே உண்டு. உச்சவரம்பு பொதுவாகப் பட்டியலில் குறிப்பிட்ட அளவுக்கும் வடிவத்துக்கும் உரியது என்பதால், வேறு அளவிலோ, இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்த கூட்டு மருந்தாகவோ விற்கும்போது, பெரும்பாலும் அந்த வரம்பு பொருந்துவதில்லை.

விலைக் கட்டுப்பாடு பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. 2017 பிப்ரவரியில், இதயத் தமனியை விரித்து வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என வரம்பு விதிக்கப்பட்டபோது, அதுவரை ஒரு லட்சத்துக்கு மேலும் கொடுத்துவந்த குடும்பங்களின் சுமை உண்மையாகவே குறைந்தது. ஆயினும் செலவு என்பது விலையை மட்டும் பொறுத்ததன்று; எந்த மருந்து, எத்தனை நாளைக்கு என்பதை மருத்துவரின் சீட்டு முடிவுசெய்ய, பணத்தை நோயாளி கொடுக்கிறார். தேர்ந்தெடுப்பவரும் செலுத்துபவரும் வேறுவேறாக உள்ள சந்தையில், மலிவான மருந்து பக்கத்திலேயே கிடைத்தும் விலைபோகாமல் இருக்க முடியும்.

செலுத்துபவரே தேர்ந்தெடுப்பவராகவும் ஆகும்போது என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சான்று. 1994இல் நிறுவப்பட்ட இக்கழகம், வணிகப்பெயரை விடுத்துப் பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மாநிலம் முழுவதற்குமான தேவையை மொத்தமாக வாங்கி, தரப் பரிசோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே நோயாளிக்கு மருந்து இலவசம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதேபோன்ற கழகங்களை அமைத்தன. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கைப்பணத்திலிருந்து செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தபோது, அரசின் பங்கு 28.6இலிருந்து 48 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆகவே இந்த இறக்கத்தை உச்சவரம்பு விலைகளின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அரசு முன்வந்து செலவழித்ததன் பங்கு அதில் பெரிது.