மார்பு வலிக்குக் காபி காரணமா?

மாதவிலக்குக்கு முன் சில பெண்களுக்கு மார்பு கனத்து வலிக்கும். கட்டிபோலக் கையில் தட்டுப்படும். காபி, டீ, கோலா, சாக்லேட்டை நிறுத்திய பெண்கள் பலருக்கு இது குறைந்ததாக 1979-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக டாக்டர் ஜான் மின்டன் அறிவித்தார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்யவில்லை. ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வரும் வலி தானாகவும் தணியும் அல்லவா? காபியால் மார்புப் புற்றுநோய் வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

வேறொரு தொடர்பு உண்டு. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுவோர் உடம்பிலிருந்து காபின் நீங்க ஏறக்குறைய இரு மடங்கு நேரமாகும். மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

வலிக்கிறவர்கள் இரண்டு மாதம் காபியை விட்டுப் பார்க்கலாம், செலவும் மிச்சம். ஆனால் மாதவிலக்கு முடிந்தும் கட்டி கரையாவிட்டால் காபிமேல் பழிபோட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.