நர்சிங் தேர்வில் மகள் தவறிவிட்டாளா?

நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குழுக்கடன் வாங்கி மகளை நர்சிங் படிக்க வைத்த அம்மாக்கள் இருக்கோம். அமெரிக்க வேலைக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தவறினால் "பணம் போச்சே"ன்னு அவளைத் திட்ட வேண்டாம். குறைந்தது 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். சென்னையிலேயே மையம் உண்டு. கட்டணம் மட்டும் புதிதாகக் கட்டணும். அதற்குச் சேமிப்பை இப்பவே ஒதுக்குவோம்.

தவறியவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். எந்தப் பகுதியில் தேர்ச்சி அளவுக்குக் கீழே என்று அதில் இருக்கும். அங்கிருந்துதான் படிப்பைத் தொடங்கணும். நாமோ புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டச் சொல்லுவோம்!

2023 ஏப்ரலில் வந்த முறைப்படி 85 முதல் 150 கேள்வி, 5 மணி நேரம். சரியாகப் பதில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் கடினமான கேள்வியாகத் தரும். கஷ்டமாக வந்தால் பயப்பட வேண்டாம்.

கேள்வித்தாள் தருவதாகப் பணம் கேட்கிற புரோக்கரை நம்பாதீங்க. ஆளுக்கு ஆள் கேள்வி மாறுமே, அவரிடம் எந்தத் தாள் இருக்கும்?